பயிற்சியாளர் பெயர்

எனக்கு டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், சர்க்கரை இருக்கிறது. அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், காகிதம் பறக்கிறது. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். விளையாட்டு வாத்தியாருக்கு விசில் ஊதத்தான் தெரியும் என்று உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்துப் பார்க்கட்டும்.

நான் வந்தது உங்கள் அறிக்கையில் உள்ள ஒரு சொல்லைத் திருத்துவதற்காக. ‘பானுமதி, வயது 27, கம்பைநல்லூர் பால் சொசைட்டி ஊழியர், நாய்க்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது கவனக்குறைவால் கிணற்றில் தவறி விழுந்து இறந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வயது சரி. வேலை சரி. கிணறும் சரி. கவனக்குறைவு என்பது மட்டும் அபாண்டம். அந்தப் பெண்ணுக்குக் கவனம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவன் நான். இரண்டு வருட உழைப்பு அது. நீங்கள் ஒரே சொல்லில் அதைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள்.

நாய்களின் தடை ஓட்டமான அஜிலிட்டி என்றால் என்னவென்று, கிணற்றடிக்கு வந்த அன்று ஏட்டு கேட்டார். “நாயி சர்க்கஸுங்களா மாஸ்டர்?” என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு மைதானத்தில் இருபது தடைகள் இருக்கும். தாண்டுவதற்குக் கம்பும் சுவரும், நுழைவதற்குக் குழாய், ஏறி இறங்கச் சீசா பலகை, வளைந்து வளைந்து போகப் பன்னிரண்டு கழிகள். எதற்கு அடுத்து எது என்று நாய்க்குத் தெரியாது. கூட ஓடுகிற ஆள் கையால் காட்ட வேண்டும். கயிறு கூடாது, தொடக் கூடாது, பிஸ்கட்டும் கூடாது. கை காட்டியும் நாய் ஒரு தடையின் முன் நின்றுவிட்டால் அதற்கு ‘மறுப்பு’ என்று பெயர். ஐந்து புள்ளி போய்விடும்.

போட்டி தொடங்கும் முன் ஓடுகிறவர்கள் நாய் இல்லாமல் மைதானத்தை ஒருமுறை நடந்து பார்க்கலாம். எங்கே திரும்புவது, எங்கே பள்ளம் என்று மனதில் வாங்கிக்கொள்வதற்காகச் சில நிமிடம் கொடுப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஓய்வு பெற்றதும் என் மாந்தோப்பில் இந்தத் தடைகளையெல்லாம் நானே செய்தேன். போர்வெல் குழாயை அறுத்துக் கழிகள், தார்ப்பாயை வளையத்தில் சுற்றி நுழைகுழாய். பெங்களூரிலிருந்து பிரின்ஸ் என்ற பார்டர் கோலி நாயை வாங்கி வந்தேன். என் சாதிச் சான்றிதழ் ஒரு பக்கம்தான். அவனுடைய வம்சாவளிச் சான்றிதழ் நான்கு பக்கம். அப்படிப்பட்ட குடும்பம்.

அந்தத் தோப்புக்குத்தான் ஒரு நாள் பானுமதி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தாள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் கேழ்வரகு நிறத்தில் ஒரு நாட்டு நாய் நின்றுகொண்டிருந்தது.

“சார், எங்க ராகியையும் சேத்துக்குவீங்களா?”

“என்ன வம்சம்மா?”

“ஆத்தாக்காரி ரோட்டுல லாரியில அடிபட்டுச்சிங்க. அப்பன் யாருன்னு அதுக்கே தெரியாதுங்க சார்.”

சிரித்துவிட்டேன். சேர்த்துக்கொண்டேன். எனக்குப் பெரிய மனது என்று அப்போதே பலர் சொன்னார்கள்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். நாய்க்குப் பயிற்சியே தேவையில்லை. அது ஏற்கெனவே நாயாகத்தான் இருக்கிறது. பயிற்சி முழுவதும் கூட ஓடுகிற மனிதருக்குத்தான். பானுமதியிடம் ஒரு பெரிய குறை இருந்தது. ஓடும்போது தரையைப் பார்ப்பாள். அது அவள் தப்பு மட்டும் அல்ல. இந்த மாவட்டத்தில் காடு கழனியில் நடக்கிறவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். வேலிக்கருவை முள் இருக்கும், கட்டுவிரியன் இருக்கும், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு வயலின் நடுவே வாயைத் திறந்து கிடக்கும். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது.

ஆனால் அஜிலிட்டியில் ஓடுகிறவர் நாய்க்கு இரண்டடி முன்னால் இருக்க வேண்டும், கண் திரும்பி நாயின் மேல் இருக்க வேண்டும். தரையைப் பார்க்கிற நொடியில் நாய் தொலைந்துவிடும். அவள் கீழே பார்த்த ஒவ்வொரு முறையும் விசில் ஊதினேன். முதலிலிருந்து ஓடச் சொன்னேன். ஏழு மாதம் ஆனது. “தரைய நான் பாத்துக்கறேன், நீ நாயப் பாரு” என்பேன். கடைசியில் ஒரு நாள் சோதிப்பதற்காக அவள் ஓடும் வழியில் ஓர் இரும்பு வாளியை வைத்தேன். இடறி விழுந்தாள். முழங்கால் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. எழுந்து, அப்போதும் நாயைப் பார்த்தபடியே ஓடி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆசிரியனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பிறகு கோயம்புத்தூர் போட்டி. ராகி முதலிடம். நான்கு பக்கச் சான்றிதழோடு வந்த பிரின்ஸும் நானும் நான்காவது இடம். அது எனக்கு வருத்தமே இல்லை. நாய்கள் ஓடுகின்றன, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எனக்கு வருத்தம் இருந்தது என்று எங்கும் எழுதிவிடாதீர்கள்.

பரிசு கொடுக்கும்போது மைக்கைப் பிடித்தவர், “உங்களுக்குப் பயிற்சி குடுத்தது யாரு?” என்று கேட்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பானுமதி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “ராகிதாங்க எனக்குச் சொல்லிக்குடுத்துச்சி” என்றாள்.

மைதானமே கைதட்டியது. நானும் தட்டினேன், வீடியோவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சான்றிதழில் ‘பயிற்சியாளர் பெயர்’ என்று ஓர் இடம் உண்டு. போட்டி நடத்தியவர்களுக்கு அந்த வேடிக்கை பிடித்துப்போய், அங்கே ‘ராகி’ என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தொரு வருடச் சர்வீஸ் உள்ள ஒருவனுடைய இடத்தில் லாரியில் அடிபட்டவளின் மகள்.

திரும்பி வரும் வேனில் அவள் கேட்டாள். “சும்மா வெளாட்டுக்குச் சொன்னேனுங்க சார். கோச்சுக்கிட்டீங்களா?”

“சேச்சே, நல்ல ஜோக்கும்மா” என்றேன். மொரப்பூர் வரும்வரை அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நான் கோபக்காரன் அல்ல. எதையும் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்கிற ஆள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நாயா, நானா என்பது கேள்வி. கேள்வி என்று வந்துவிட்டால் சோதனை வைத்துத்தான் ஆக வேண்டும். நாய் கற்றுக்கொடுத்திருந்தால், நாய் நிற்கிற இடத்தில் அவளும் நிற்பாள். நான் கற்றுக்கொடுத்திருந்தால் ஓடுவாள். இதில் பகை எங்கே இருக்கிறது?

தீர்த்தமலை போகும் வழியில் என் மச்சானுக்கு நிலம் இருக்கிறது. அவர் ஓசூருக்கே குடிபோய்விட்டார். கொள்ளு அறுத்த காடு. வடக்கு மூலையில் தரையோடு தரையாக ஒரு கிணறு. ஐம்பதடி ஆழம், அடியில் பாறை, முழங்கால் அளவு தண்ணீர். விளிம்புவரை புல் மண்டிக்கிடக்கும். தடைகளை டெம்போவில் கொண்டுபோய் அங்கே வைத்தேன். பதினோராவது தடையான சுவரைக் கிணற்றுக்கு நேராக நிறுத்தினேன். அதையொட்டிக் குறுக்கே ஒரு பிளக்ஸ் பேனரைக் கட்டினேன். பேனரின் ஓரத்தைச் சுற்றித் திரும்பினால் அடுத்த அடி கிணறு. போட்டிகளில் விளம்பர பேனர் இருக்கும், நாய்க்கு அது பழக வேண்டும் என்று காரணம் சொல்லிவைத்தேன். வீட்டில் வேறு பேனர் இல்லை. என் பணி நிறைவுப் பாராட்டு விழா பேனர்தான் இருந்தது. பத்தடிக்கு எட்டடி, மாலையோடு நான் கைகூப்பிச் சிரிக்கிற படம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்தாள். அடுத்த வாரம் பெங்களூர் போட்டி என்பதால் உற்சாகமாக இருந்தாள். என் படத்தைப் பார்த்து, “மாப்பிள்ள மாதிரி இருக்கறீங்க சார்” என்றாள்.

“சார், ஒருக்கா நடந்து பாத்துட்டு வந்துர்றேனுங்க.”

“வேண்டாம். பெங்களூர்ல நடக்க நேரம் குடுக்க மாட்டாங்க. அப்படியே ஓடு. தரைய நான் பாத்துக்கறேன்.”

“சரிங்க சார்.”

அவ்வளவுதான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெங்களூரில் நடந்து பார்க்க எட்டு நிமிடம் தருகிறார்கள் என்பது இணையத்திலேயே இருக்கிறது.

ஓட்டம் பிரமாதம். பத்துத் தடையும் ஒரு பிசிறு இல்லாமல் தாண்டினார்கள். பதினோராவது தடையை நெருங்கும்போது கிணற்றுக்குள்ளிருந்து நாலைந்து புறாக்கள் எழுந்து பறந்தன. ராகி சுவரின் முன் நின்றுவிட்டது. மறுப்பு, ஐந்து புள்ளி. பானுமதி பேனரைச் சுற்றி ஓடினாள். கண் நாயின் மேல்தான் இருந்தது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன். முப்பத்திரண்டு நொடி.

உடனே இறக்கவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளேயிருந்து இரண்டு முறை “சார்” என்றாள். ஒரு முறை “ராகி” என்றாள். அந்தக் கணக்கிலும் நான்தான் முன்னால் இருக்கிறேன். நாய் விளிம்பில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. நான் பேனரை அவிழ்த்து மடித்து டெம்போவில் வைத்தேன், தடைகளை ஏற்றினேன், பிறகு 108-க்குப் போன் செய்தேன். பொறுப்பானவர் என்று ஆம்புலன்ஸ் பையன்கள் என்னைப் பாராட்டினார்கள். உங்கள் ஆட்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. இரண்டாவது கேள்வி, “தண்ணி குடிக்கிறீங்களா மாஸ்டர்?”

ஈமக்காரியம் முடிந்த அன்று அவள் அம்மா குள்ளம்மாள் ராகியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கயிற்றை என் பக்கம் நீட்டினார்.

“வூட்ல இது சோறு எடுக்க மாட்டேங்குதுங்க. அவ வண்டியையே மோந்துகிட்டுக் கெடக்குது. நீங்களே வெச்சுக்கங்க சார். எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுத்தானுங்க அவளுக்கு. சார் கை காட்டுனா கண்ண மூடிக்கிட்டு ஓடிருவேன்மான்னு சொல்லும் எம்புள்ள. சாமி படத்துக்குப் பக்கத்துல உங்க போட்டோவ ஒட்டி வெச்சிருக்குதுங்க.”

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், சுவரில் ஒட்டத் தெரிந்தவளுக்கு மைக்கில் சொல்ல என்ன கேடு? அடுப்படியில் சொன்னதை மேடையில் சொல்லியிருந்தால் இந்தச் சோதனைக்கே அவசியம் வந்திருக்காது. அந்த அம்மாவுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். நாயை வைத்துக்கொண்டேன். என் வாசலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கை காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாட்டு நாய்க்கு நன்றி அதிகம் என்று யார் சொன்னார்களோ.

ஆகவே மேடம், ‘கவனக்குறைவால்’ என்பதை அடித்துவிடுங்கள். அவள் விழுந்தது கவனத்தால். ஏழு மாதம் விசில் ஊதி நான் உண்டாக்கிய கவனத்தால். நிலமும் நான் பார்த்தது, சுவரும் பேனரும் நான் வைத்தது, நடந்து பார்க்க விடாமல் தடுத்ததும் நான். இதற்குச் சட்டத்தில் கொலை என்று பெயர் இருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். சொல் சரியாக இருந்தால் எனக்குப் போதும்.

முழுமைக்காக இன்னொரு சின்ன விஷயம். மேலே ஒரு வரியை அவசரத்தில் விட்டுவிட்டேன். நாய் நின்றதும் அவளும் நின்றாள்.

பேனரின் ஓரத்தில், என் படத்தின் காதுக்குப் பக்கத்தில், அப்படியே நின்றுவிட்டாள். “சார், ராகி எதையோ பாத்து நிக்குதுங்க” என்றாள். தரையைப் பார்க்கக் குனியப் போனாள். நான் விசிலை ஊதினேன். கையை நீட்டி, “நிக்காத, ஓடு” என்றேன். என் கையைப் பார்த்தாள். அப்புறம்தான் ஓடினாள்.

இதனால் சோதனையின் முடிவு மாறிவிடாது. போட்டியிலும் குரல் கொடுக்க அனுமதி உண்டு.

அந்தக் கோயம்புத்தூர் சான்றிதழ் குள்ளம்மாள் வீட்டில்தான் இருக்கிறது. வழக்குக்காக எப்படியும் கைப்பற்றுவீர்கள். அப்போது அந்த ‘ராகி’ என்பதையும் அடித்துவிட்டு, பயிற்சியாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிடுங்கள். வே. மாதவராஜ். இனிஷியலை விட்டுவிட வேண்டாம்.