மூணடி ஆழம்

ஆத்மநாதன்: நகருங்க, கடப்பாரைய நானே போட்டுப் பாக்குறேன்... அட! நாலு வெரல்கூட எறங்கல. இது மண்ணா, மொட்டை மாடியா?

சேவுகன்: இந்த எடத்துல கொஞ்சம்...

ஆத்மநாதன்: அங்கிட்டும் குத்திப் பாத்துட்டேன்யா!

புவனேஸ்வரி: எல்லாம் இந்த டிரைவர் வேலைன்னு நான்தான் சொன்னேனே சார். புல்டோசர்ல ஏறி உக்காந்தா மட்டும் போதுமா?

ஆத்மநாதன்: போன வருசம் நானூறு கன்னு குடுத்தேன். வேம்பு, புங்கன், இலுப்பை... என் நர்சரியில வெதையிலேர்ந்து வளத்தது. ஒண்ணுகூடத் தேறல.

சேவுகன்: குழியில நின்ன மழைத்தண்ணி கீழ எறங்கல சார். வேரு அழுகிருச்சு.

புவனேஸ்வரி: பாடம் எடுக்குறாரு! குவாரிய மூடுன மண்ணு, லாரி ஏறி ஏறி இறுகிக் கெடக்கு, புல்டோசர் பின்னாடி இருக்குற கொக்கிய எறக்கி மூணடிக்குக் கிழிங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

சேவுகன்: மூணடி கிழிச்சேங்க...

புவனேஸ்வரி: எங்க? கனவுலயா?

ஆத்மநாதன்: இந்தா பாருங்க செயலாளரம்மா. அறுநூறு கன்னோட வண்டி திருக்கோகர்ணம் தாண்டிருச்சு. திருவரங்குளத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அப்படியே திருப்பி விட்டுரவா?

புவனேஸ்வரி: ஐயோ வேணாம் சார்! போன தடவையே ஊருக்குள்ள தலைகாட்ட முடியல. இதுவும் போச்சுன்னா நம்ம மரச் சங்கத்த கலைச்சுட்டுப் போக வேண்டியதுதான். வேற டிரைவர் பாக்குறேன். இந்த ஆள இங்கிட்டுக் கால் வைக்கவே விட மாட்டேன்.

சேவுகன்: கால் வைக்கக் கூடாதா...

ஆத்மநாதன்: மூணடி கிழிச்ச மண்ணு எப்படிய்யா திரும்ப இறுகும்? சொல்லுங்க. இல்லன்னா வண்டிக்குப் போன் போடுறேன்.

சேவுகன்: சார், அது வந்து...

புவனேஸ்வரி: டேய் சேவுகா, பேசாம இரு!

ஆத்மநாதன்: என்னது... டேய்யா?

சேவுகன்: என் சொந்த மதினி சார், அண்ணன் சம்சாரம். அண்ணன் மொகத்துக்காகத்தான் ஒரு வருசமா பேச்சு வாங்குனேன். கிழிச்ச மண்ணு கட்டிகட்டியா அசிங்கமா கெடக்கு, மரம் நடுவிழாவுக்கு வர்றவுங்க சேரு ஆடும், காரு ஏறாதுன்னு மறுநாளே ரோடு ரோலர வச்சு மூணு ஏக்கரையும் மட்டம் பண்ணச் சொன்னாங்க. வேணாம் மதினின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்... சொல்லல. அந்த ரோலர ஓட்டுனதும் நாந்தான் சார்.