ஜாமீன் கையெழுத்து

பிறர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் அடையாறில் பஸ் ஏறிய தம்பதி என் முன் சீட்டில்தான் உட்கார்ந்தார்கள்.

"நான் வாங்காத கடனுக்காக எனக்கு வீட்டு லோன் கிடையாதாம்," என்றார் மனைவி.

"யார் சொன்னது?"

"பேங்க் மேனேஜர். உங்க தம்பி அங்க வாங்கின கடனைக் கட்டவே இல்லையாம். நான்தான் ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கேனாம். ஃபாரத்தை எடுத்துக் காட்டினார்."

"போட்டிருப்பே. மறந்திருப்பே."

"ஸ்கூல்ல வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து எங்கப்பா இனிஷியல் வெச்சுத்தான் கையெழுத்து போடறேன். கல்யாணத்துக்கப்புறமும் மாத்தலை. அதுல உங்க இனிஷியல் இருக்கு."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொட்டிவாக்கத்து மனைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. லோன் வரலேன்னா அதுவும் போச்சு. அது என் கையெழுத்து இல்லைன்னு எழுதிக் குடுத்தா விசாரிச்சு என் பேரை எடுத்துடுவாங்களாம். எழுதிட்டேன்."

"குடுத்துட்டியா?"

"இல்லை. பையில இருக்கு. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"குடுக்காதே. அப்ப யார் போட்டதுன்னு கேப்பாங்க."

"நானும் அதைத்தான் கேக்கறேன்."

கண்டக்டர் வந்ததும் கணவர் நோட்டை நீட்டினார்.

"திருவான்மியூர் ரெண்டு."

"அவருக்கு மட்டும் குடுங்க," என்று அந்த அம்மாள் தன் பர்ஸைத் திறந்தார். "எனக்கு அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு. பேங்க் மூடறதுக்குள்ள திரும்பிப் போகணும்."