பொம்மைக்கு நாடி நூத்திப் பத்து

"நேத்து பன்னெண்டு பேர் சேர்ந்து ஒரு பொம்மையைக் கொன்னுட்டோம் சேச்சி" என்று முன்சீட்டுப் பெண் சொன்னதும் என் காது தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கொச்சியில் மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி போகும் பஸ். பேசியவள் நர்சிங் மாணவி. பக்கத்தில் அவளுடைய சீனியர்.

"மூச்சில்லாம கிடக்கிற ஆள் மாதிரி பொம்மை. நாடி இல்லேன்னு கண்டுபிடிச்சு உடனே நெஞ்சை அமுக்கணும். அதுதான் பரீட்சை. நாங்க எல்லாரும் நாடி நூத்திப் பத்துன்னு எழுதிட்டு வந்துட்டோம்."

"பிளாஸ்டிக்குக்கு எங்கே மோளே நாடி?"

"நீங்க காமிச்ச மாதிரியே கட்டைவிரலைக் கழுத்துல வச்சோம். துடிச்சது எங்க விரல்தான். பயத்துல நல்லாவே துடிச்சிருக்கு."

"சார் கிளாஸ்ல சொல்லலியா?"

"மூணு மணிநேரம் சொன்னார். கட்டைவிரல் கூடாதுன்னு ஸ்கிரீன்ல சிவப்பு எழுத்துல போட்டார். ஒருத்திக்கும் ஏறல. நீங்க ஹாஸ்டல்ல பத்தே நிமிஷம் சொன்னீங்க, பன்னெண்டு பேருக்கும் மனசிலாச்சு. உங்களை மாதிரி டீச்சர் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

சேச்சி வெட்கப்பட்டுச் சிரித்தாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள் போல.

பிறகு சொன்னாள்: "ஆனா நான் வார்டுல தினமும் கட்டைவிரலாலதான் பாக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட நாடி இல்லாம இருந்ததே இல்லையே!"