பிரசங்கம் கேளாத மணிக்காரருக்கு

பீடத்தின் முன் நின்று, நெஞ்சில் கை வைத்து, சபை ஊழியராகிய நாங்கள் உறுதி கூறுகிறோம். இம்மடலில் உள்ளது யாவும் உண்மை. ஒரு காற்புள்ளியைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டியிருந்தால் அடுத்த ஞாயிறு பாட்டு வேளையில் எங்கள் தொண்டை அடைத்துப்போகட்டும். பாடகர் குழுவைப் பொறுத்தவரை அதனால் சபைக்குப் பெரிய நட்டம் வரப்போவதில்லை என்பதும் உண்மையே.

மணிக்கயிறு பிடித்து மக்களின் மயக்கம் தெளிவித்த மாண்பாளரே, பெஞ்சுத் தூசியையும் பெரியவர்களின் மனத்தூசியையும் ஒரே துணியால் துடைத்த பெருந்தகையே, விளக்கேற்றும் முன் எழுந்து விளக்கணைத்த பின் படுத்த விழிப்பின் வடிவே, கோயில் மணிக்காரரே, ஓய்வு பெறும் உங்களுக்கு ஆண்டவர் நாமத்தில் எங்கள் அன்பின் வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் உங்களுக்குக் கூச்சம் வந்துவிடும். ஏதோ வேலை இருப்பதுபோல் துடைப்பத்தைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சற்று நேரத்துக்கு உங்களை 'அவர்' என்றே சொல்லப்போகிறோம். யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு என்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவர் இச்சபையின் மணிக்கயிற்றைப் பிடித்து முப்பத்தோராண்டு. ஞாயிறுகளாகச் சொன்னால் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். இத்தனை ஞாயிறுகளில், ஒரே ஒரு ஞாயிறு தவிர, அவர் ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. அதனால்தான் அவருடைய விசுவாசம் சேதாரமில்லாமல் இருந்தது என்பது எங்கள் ஆர்கன் வாசிப்பாளரின் கருத்து. போதகர் அதை ஏற்கவில்லை.

கேளாததற்குக் காரணம் இருந்தது. மணிக்கயிறு தொங்குவது பின்பக்க மாடத்தில். அங்கிருந்து பார்த்தால் சபையாரின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். வழுக்கை, வகிடு, கொண்டை, தொப்பி என்று தலைதலையாக அவருக்குச் சபை மனப்பாடம். தெருவில் எதிரே வந்தால் ஆள் தெரியாது. குனிந்து செருப்பை மாட்டினால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பேன் தொல்லை பொறுக்காமல் பேக்கரிக்காரர் ஒருமுறை மொட்டை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேக்கரிக்காரரைக் காணோமே என்று மணிக்காரர் அவர் கடை வரைக்கும் ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தார்.

ஆம், அதுதான் அவர் வேலை. வேலை என்று யாரும் கொடுத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாட்டுப் பாடும்போது தலைகளை எண்ணுவார். எந்தத் தலை குறைகிறது என்று பார்ப்பார். தனியாக வாழும் ஒருவர் வரவில்லை என்று கண்டால், போதகர் பிரசங்க மேடையில் ஏறும் அதே வேளையில் இவர் மாடத்திலிருந்து இறங்குவார், பக்கக் கதவு 'கிரீச்' என்னும், ஆள் போய்விடுவார். கடைசிப் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். நாற்பது நிமிடப் பிரசங்கத்துக்குள் போய்த்திரும்பக்கூடிய எல்லா வீட்டுக் கதவுகளும் அவர் விரல் முட்டியை அறியும்.

வெறுங்கையோடு போய், "உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்று சொல்ல முடியுமா? அதற்காக ஒரு கறுப்புக் குடை வைத்திருந்தார்.

"இந்தக் குடை உங்களோடதான்னு கேக்க வந்தேன்க்கா. பெஞ்சுல கெடந்துது."

"என்னோடது இல்லப்பா. போன மாசமும் இதையேதானே தூக்கிட்டு வந்தே?"

"ஆமாக்கா. இன்னும் ஆள் அகப்படல."

"அகப்படாது. உள்ள வா, டீ ஆறுது."

ஒருவர் மட்டும், கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஒரு பழைய குமாஸ்தா, "ஆமா, என்னுதுதான்" என்று குடையை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மறுவாரத்திலிருந்து மணிக்காரர் தம் சொந்தக் குடையை எடுத்துக்கொண்டு அலைந்தார். கேட்டால், குமாஸ்தா நன்றாக இருக்கிறார், அதுதான் வேண்டியது என்றார்.

இவ்வாறு தட்டிய கதவுகளுக்குப் பின்னால், இறந்து கிடந்தவர்களாக ஒன்பது பேரை அவர் கண்டிருக்கிறார். அவர்களில் தபால்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓய்வுபெற்ற அந்தத் தபால்காரர் வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டார் என்று மருத்துவர் பிற்பாடு எழுதிக்கொடுத்தார். ஆனால் ஞாயிறு பத்தேகால் மணிக்கு மணிக்காரர் தட்டியபோது, "தெறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்று பதில் வந்திருக்கிறது. திறந்துதான் இருந்தது. மருத்துவரும் படித்தவர், மணிக்காரரும் பொய் சொல்லாதவர். இருவரில் யாருக்கும் மனவருத்தம் வரக்கூடாது என்று சபைப் பதிவேட்டில் தேதியை எழுதாமல் விட்டிருக்கிறோம்.

விழுந்து எழ முடியாமல் கிடந்து, அவர் தட்டியதால் பிழைத்தவர்கள் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் நம் சபைச் செயலரின் தாயார். அதன்பின் பதினோராண்டு இருந்தார். மருமகளோடு சண்டை போடுமளவுக்குத் தெம்பாகவே இருந்தார்.

பாராட்டு மடல் என்றால் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வாழ்த்துக்கு வந்துவிடுவது வழக்கம். உண்மை சொல்வதாக உறுதி கூறிவிட்டதால் மேலே போக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு, பக்கக் கதவின் சத்தம் பிரசங்கத்தின் பக்திக்குப் பங்கம் என்று பேச்செழுந்தது. மூன்று கூட்டம் போட்டோம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டால் போதும் என்றார் பேக்கரிக்காரர். எண்ணெய் விடுவதற்குத் தீர்மானம் தேவையில்லை என்பதால் அந்த யோசனை எடுபடவில்லை. கடைசியில் நிறைவேறிய தீர்மானம் இது: ஆராதனை முடியும்வரை பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள்; பிரசங்க வேளையில் ஊழியர் எவரும் வெளியேறலாகாது; வராதவர்களைக் கவனிக்கப் பன்னிரண்டு பேர் கொண்ட நலம் விசாரிப்புக் குழு; அக்குழு மாதத்தின் முதற்சனி கூடும்; மீறுகிறவர், கோயிலுக்குச் சொந்தமான அறையில் குடியிருப்பவரானால், அறையைக் காலி செய்ய வேண்டும். கோயில் அறையில் குடியிருந்தவர் ஒருவர்தான். தங்கையை அடக்கம் செய்தபின் அங்கே அவர் ஒண்டிக்கட்டை. தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்கள், இதோ கீழே கையொப்பமிடும் நாங்கள்.

அடுத்த ஞாயிறு கணக்கு டீச்சரின் தலையைக் காணோம்.

வெள்ளைக் கொண்டை, தூணோரம், மூன்றாம் பெஞ்சு. சபையில் பாதிப்பேரைப் பெஞ்சில் ஏற்றி நிற்கவைத்தவர் அவர். கோயிலுக்கு ஆறு நிமிட நடை, மாடி வீடு, தனிக்கட்டை. "ஒன் எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்லப்பா. இந்தச் சபையில கணக்குத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான்" என்று மணிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை.

மணிக்காரர் இறங்கி வந்தார். பக்கக் கதவில் புதுத் தாழ்ப்பாள், அதில் பூட்டு. முன்வாசலில் செயலர் நின்றிருந்தார்.

"டீச்சர் வரலை சார்."

"உக்காருங்க. பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு."

"கால் மணி நேரத்துல ஓடிப்போய் வந்துடறேன்."

"போன வாரந்தானே தீர்மானம் போட்டோம்? மொத ஆளா நீங்களே மீறினா எப்படி? அதான் குழு இருக்குல்ல. சனிக்கிழமை கூடுது."

"சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கே சார்."

"அதனாலதான் எல்லாருக்கும் தோதுப்படுது."

அவர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தோராண்டில் அன்றுதான் ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்டார். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றியது. நல்ல பிரசங்கம். எங்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

ஆராதனை முடிந்ததும் ஆண்டுக்கூட்டம். இருநூறு நாற்காலி போட்டு, இருநூறு நாற்காலி எடுக்க வேண்டும். இடையில் இரண்டு முறை கேட்டார். "அப்புறம் போலாம்" என்று இரண்டு பேர் சொன்னோம். கடைசி நாற்காலியை அடுக்கியபோது மணி ஐந்து. அன்று அவர் குடை எடுத்துக்கொள்ளவில்லை. ஓடினார்.

டீச்சர் அடுப்படித் தரையில் கிடந்தார். கோயிலுக்கு உடுத்தியிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றது கையில் இருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் விழுந்திருப்பார், மூன்று மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். கீழ்வீட்டுக்காரர் வந்து நின்று, காலையெல்லாம் மேலே யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது, படம் மாட்ட ஆணி அடிக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன் என்றார். மணிக்காரர் குனிந்து டீச்சர் கையிலிருந்த செருப்பை வாங்கிக் காலில் மாட்டிவிட்டார்.

அடக்கத்தன்று வயதுக்கு ஒன்றாக எழுபத்துநான்கு மணி அடித்தார். அதற்கடுத்த ஞாயிறு பக்கக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு துளைகள் இருந்தன. தாழ்ப்பாள் பிரசங்க மேடையில், போதகர் குறிப்புத்தாள் வைக்கும் இடத்தில் இருந்தது.

"நான்தான் கழட்டினேன் போதகரய்யா. என்னை வேணும்னா அனுப்பிடுங்க. கதவை மட்டும் இனிமே பூட்டாதீங்க."

போதகர் தாழ்ப்பாளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று பிரசங்கம் ஏழு நிமிடம்.

அவரைக் கண்டிக்க எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எழவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டோம். பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்ததில், அவருக்கு ஓய்வு வயது மூன்றாண்டுக்கு முன்பே கடந்துவிட்டது தெரியவந்தது. பாம்பும் சாகவில்லை, தடியும் நோகவில்லை.

இனி 'அவர்' வேண்டாம். மணிக்காரரே, உங்களிடமே பேசுகிறோம்.

பிரிவுபசாரத்துக்கு என்ன வேண்டும், சுவர்க் கடிகாரமா, சாய்வு நாற்காலியா என்று கேட்டோம். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை யாராவது ஒருத்தர் எண்ணணும். ஒருத்தர் போதும். ஆள் குறைஞ்சா போய்த் தட்டணும். அதுக்கு மட்டும் வாக்குக் குடுங்க" என்றீர்கள். உங்கள் குரல் கெஞ்சலாக இருந்தது. முப்பத்தோராண்டில் நீங்கள் எங்களிடம் கேட்ட ஒரே பொருள் அது. ஒருவர் போதும் என்றீர்கள். நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. தீர்மானத்துக்கு உயர்ந்ததைவிட வேகமாக உயர்ந்தன. பெயர்ப்பட்டியல் அச்சிட்டோம், யாருக்கு எந்தப் பெஞ்சு என்று பங்கிட்டோம், கீலுக்கு எண்ணெயும் விட்டோம். உங்கள் கவலையை இறக்கி வையுங்கள். இனி இச்சபையில் ஒரு தலை குறைந்தாலும் ஒரு கதவு தட்டப்படும்.

வெள்ளிக்கிழமை கோயில் அறையைக் காலி செய்து, பேக்கரிக்குப் பின்தெரு மாடியறைக்குக் குடிபோயிருக்கிறீர்கள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு குடை. தூக்கிவர உதவிக்கு ஆள் வேண்டாம் என்று தனியாகவே படியேற்றினீர்கள். அந்த மாடியறையில் உங்களுக்கு நல்ல காற்றும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும். எண்ணி எண்ணிக் களைத்த கண்கள் எண்ணாமல் இளைப்பாறட்டும், தட்டித் தட்டித் தேய்ந்த விரல்கள் தளர்வறியாது தழைக்கட்டும். நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைவாழ்வு வாழ நித்தியரை நெஞ்சார வேண்டுகிறோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
போதகர், செயலர், ஆர்கன் வாசிப்பாளர், பாடகர் குழுவினர், நலம் விசாரிப்புக் குழுவினர் பன்னிருவர், மற்றும் சபை ஊழியர் அனைவரும்.

(சட்டமிடக் கொடுக்கும் முன், மடலின் அடியில் செயலர் எழுதியது:) ஞாயிறு ஆராதனைக்குப் பின் இம்மடல் வாசித்து முடிக்கப்பட்டபோது மணி பன்னிரண்டேகால். மணிக்காரர் காலையிலிருந்து வரவில்லை, கூச்சமாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னதால் அவர் கதவை இன்னும் யாரும் போய்த் தட்டவில்லை.