சங்கத்தின் கையெழுத்து

கட்டடம் வரைகிறவர்கள் கூடிச் சங்கம் வைத்தால் முதல் சண்டை நாற்காலியைப் பற்றித்தான் வரும். எங்கள் சங்கத்திலும் அப்படித்தான் வந்தது. கடையில் வாங்கிய நாற்காலியில் உட்காருவது நம் தொழிலுக்கு அழகில்லை என்று ஒருவர் சொல்லப்போக, ஆளுக்கொரு நாற்காலி வரைந்துகொண்டு வந்துவிட்டார்கள். தச்சன் செய்து கொடுத்ததில் ஒன்றில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இன்னொன்றில் உட்காரவே முடியவில்லை. கடைசியில் பவானி ஜமக்காளம் ஒன்று வாங்கிப் போட்டோம். என் வாழ்க்கையில் நான் மனம்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த ஜமக்காளத்தின் மேல்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்களை ஏதோ சதிக் கூட்டம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள். செய்தது நான் ஒருவன்தான்.

என் பெயர் வெங்கடபதி. சென்னையில் வரைபடம் படித்துவிட்டு ஊர் திரும்பியவன். நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூர் எப்படி வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் சோளக்காடாக இருந்த இடத்தில் இந்த மாதம் மில்லின் புகைபோக்கி நிற்கும். இத்தனை கட்டடங்களுக்கு நடுவில் படித்து வரைகிறவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டாமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டவன் நான்தான். அதனால் என்னையே செயலாளர் ஆக்கினார்கள். ஊரில் என் பெயரே செக்ரட்டரி என்று ஆகிப்போனது.

தலைவர் ஈஸ்வரமூர்த்தி. கோபிசெட்டிபாளையத்துப் பண்ணைக்காரர் மகன், பம்பாயில் படித்தவர், யாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். மாதக் கூட்டத்தில் ஒருவர் தன் வரைபடத்தை விரித்து வைப்பார். மற்றவர்கள் அதைக் கிழிகிழியென்று கிழிப்போம். சமையலறைப் புகை பூஜை அறைக்குப் போகிறது, மாப்பிள்ளை அறையின் ஜன்னல் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துத் திறக்கிறது என்று பேசிச் சிரித்து வயிறு வலிக்கும். பிறகு போண்டா வரும். ஈஸ்வரமூர்த்தி ஆர்மோனியம் வாசிப்பார். வாசிப்பு சுமார்தான், ஆனால் யாரும் எழுந்து போனதில்லை.

ஒரே ஒரு குறை. ஊருக்கு நாங்கள் தேவைப்படவில்லை.

வெள்ளகோவிலிலிருந்து வந்த அப்புசாமி என்ற காண்டிராக்டர் இருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. படிப்பு இல்லை. குச்சியால் மண்ணில் கோடு கிழிப்பார், அதுதான் வரைபடம். மில்காரர்கள், ஜவுளிக்காரர்கள், எல்லாரும் அவரிடம்தான் போனார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். சங்கத்து ஆண்டு விழாவுக்கு வாழைத்தார் அனுப்புவார். "ஏனுங்க செக்ரட்டரி, நீங்க காயிதத்துல கட்டுங்க, நான் மண்ணுல கட்டறேன். ரெண்டு பேரும் பொழச்சுக்கலாமுங்க" என்பார். அவரோடு கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது.

படித்தவர் கையெழுத்து இல்லாத வரைபடத்தை நகரசபை ஏற்கக் கூடாது என்று ஒரு விதி வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. சீமையில் இருக்கிறது, பம்பாயில் வரப்போகிறது என்றார்கள். நானும் ஈஸ்வரமூர்த்தியும் கோட்டு மாட்டிக்கொண்டு நகரசபைக் கட்டடக் குழுத் தலைவரைப் பார்க்கப் போனோம். அவர் எங்களை உட்காரவைத்து, இளநீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாஞ் செரிங்க. ஆனா அப்புசாமி கட்டுனது ஏதாச்சும் உழுந்திருக்குதுங்களா? உழுந்தா வாங்க, பேசலாம்" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி கூட வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு விதி வேண்டுமென்றால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும் அல்லவா?

அப்புசாமியின் கொட்டகைகள் எல்லாம் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் சுவர், மேலே மர உத்திரம், சீமை ஓடு. ஓட்டின் பாரம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். தள்ளவிடாமல் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இரும்புக் கம்பிகளை இழுத்து, வெளியே கம்பி முனைகளில் நட்டு மாட்டி முறுக்கியிருப்பார். அந்த நட்டுகள்தான் உயிர். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல வேலைதான்.

காரமடைத் தேருக்கு ஊரே போயிருந்த நாளில், மேட்டுப்பாளையம் சாலையில் அவர் கட்டிய வண்டிப்பேட்டைக்குப் போனேன். வண்டிக்காரர்கள் யாரும் இல்லை என்பதை உள்ளே சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த விஷயத்தில் நான் கவனமானவன். நட்டுகளைக் கழற்றிவிட்டு நானும் தேர் பார்க்கப் போனேன். சாயங்காலக் காற்றில் கொட்டகை உட்கார்ந்துவிட்டது. ஒரு கோழிக்குக்கூடக் காயமில்லை.

மறுநாளே கட்டடக் குழுத் தலைவரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே. அப்புசாமி சொந்தக் காசுல திருப்பிக் கட்டித் தாரேன்னு சொல்லிப்போட்டாரு. அதுக்கெதுக்குங்க விதி?" என்றார்.

அப்புசாமி சொன்னபடியே கட்டினார். கட்டி முடித்த அன்று எல்லா வண்டிக்காரர்களுக்கும் விருந்து வைத்தார். எனக்கும் அழைப்பு வந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "காத்துல எப்படிங்க உழுந்துச்சு, எனக்கே புடிபடலீங்க. நீங்க படிச்சவிய, இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். கெட்டியாக இருப்பதாகச் சொன்னேன். முன்பைவிடக் கெட்டியாகத்தான் இருந்தது. பருப்புச் சாதம் அருமை.

ஆள் இல்லாத கட்டடம் விழுந்தால் அது செங்கல் செலவோடு போய்விடும் என்று அன்று புரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி முகத்தைத் திருப்ப வேண்டாம். நான் ஆசைப்பட்டு அந்த முடிவுக்கு வரவில்லை. இலேசான வழியைத்தான் முதலில் முயன்று பார்த்தேன்.

ஊருக்குக் கிழக்கே, பருத்தி அரைத்துப் பஞ்செடுக்கும் மில்லை ஒட்டி அப்புசாமி கட்டிய கொட்டகை ஒன்று. பெண்கள் உள்ளே உட்கார்ந்து பஞ்சில் தூசி பொறுக்குவார்கள். சங்கத்தின் சார்பில் இலவசமாகக் கட்டடங்களைச் சோதித்துத் தருகிறோம் என்று மில்காரரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய் ஏணி கொடுத்தார்.

நல்ல வெயில். நான் ஏணியில் நின்று ஸ்பேனரால் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே பெண்கள் ஏதோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேய்க்கும் ராசாத்தாள் என்ற அம்மாள் கையில் செம்போடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க சாமி, இந்த வெயில்ல காயறீங்களே. மோர் குடிச்சுப்போட்டுச் செய்யுங்க."

இறங்கி வாங்கிக் குடித்தேன். உப்பும் கறிவேப்பிலையும் சரியாக இருந்தன. அவள் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"கெட்டியா இருக்குதுங்களா? எம்பட மருமவளும் உள்ளார இருக்கறா. மாசமா இருக்கறாளுங்க."

"இருக்குது அம்மணி. பயப்படாதீங்க" என்றேன்.

பயந்துகொண்டே வேலை செய்வதில் யாருக்கு என்ன லாபம்? செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினேன். எந்த நட்டையும் முழுக்கக் கழற்றவில்லை. எல்லாம் கம்பியின் கடைசித் திருகுப் புரியில் நின்றன. பக்கத்து இயந்திரம் ஓடும்போது அந்தச் சுவர் இலேசாக நடுங்கும். மீதியை அந்த நடுக்கம் பார்த்துக்கொண்டது. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் கழித்துச் சேதி வந்தது. நான்தான் முதலில் ஓடினேன். ஓடுகளை அள்ளி அள்ளி என் கை கிழிந்தது. ஒன்பது பெண்கள். ராசாத்தாளை நானே தூக்கிக் கிடத்தினேன். மருமகளையும்தான். எனக்கு அழுகை வந்தது, நடிப்பில்லை.

அதே மாதம் விதி நிறைவேறியது. ஒருமனதாக. கட்டடக் குழுத் தலைவர் எழுந்து நின்று, "செக்ரட்டரி அன்னைக்கே சொன்னாருங்க, நாந்தான் கேக்காமப்போட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புசாமியைக் கைது செய்தார்கள். எங்கள் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வேலை குவிந்தது. அந்த மாதக் கூட்டத்தில் போண்டாவோடு ஜிலேபியும் வந்தது. இறந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். ஒருவர்கூட அசையவில்லை. சங்கம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புசாமியின் வழக்கில் நிபுணர் சாட்சி சொல்ல ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். இடிபாட்டில் கிடந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"வெங்கடபதி, பாரத்துல நட்டு பிச்சுக்கிட்டுப் போயிருந்தா புரி நசுங்கியிருக்கோணும். ஒரு புரிகூட நசுங்கலீங்க. ஆரோ தளர்த்தி உட்டிருக்கறாங்க. அந்த வாரம் ஏணி போட்டு ஏறுனது நீங்க ஒருத்தருதான்னு மில்காரரு சொன்னாருங்க."

முதல் முறையாக அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. நான் மறுக்கவில்லை. கட்டுமானக் கோளாறு என்று சாட்சி சொல்லிவிட்டால் விதி நிலைக்கும், சங்கம் பிழைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்தார். நல்ல மனிதர். ஆனால் தலைவர் பதவிக்கு இன்னும் கொஞ்சம் உறுதி வேண்டும்.

ஆக, வண்டிப்பேட்டையும் நான்தான், பஞ்சுக் கொட்டகையும் நான்தான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே செய்தேன். அப்புசாமியை இன்றே விட்டுவிடுங்கள். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. விதியை மட்டும் யாரும் ரத்து செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வந்த நாளிலிருந்து கோயமுத்தூரில் ஒரு கட்டடம்கூட விழவில்லை. எங்கள் சங்கத்தின் கையெழுத்துக்கு அவ்வளவு பலம், ஐயா.