பெடல் இல்லாத சைக்கிள்

திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் காலி டீ கேன். "என் சைக்கிள்ல இப்ப பெடலே இல்ல மாமு" என்றார் அவர். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"எவன்னா கயட்டிகினு பூட்டானா?"

"நான்தான் கயட்டினேன். எங்க தெருவுல சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு போர்டு வச்சிட்டானுங்க. லாரிக்குத் தொல்லையாம். கண்டெய்னர் லாரி காத்தாலேர்ந்து நவுராம நிக்குது, அதுக்கு நான் தொல்லையாம்!"

"அதுக்கு பெடல் இன்னா பண்ணிச்சி?"

"போர்டுல 'மிதிவண்டிகளுக்குத் தடை'ன்னு எய்தி கீது. பெடலே இல்லன்னா எத்த மிதிக்கிறது? சீட்ல குந்திகினு கால ஊனி ஊனி உருட்டிகினு போறேன். லாரி டிரைவருங்களுக்கு டீ வித்தாதான வூட்ல அடுப்பு எரியும்?"

"போர்டாண்ட நிக்கிற ஏட்டு சும்மா வுட்டாரா?"

"மொத நாளு என்னியப் பாத்தாரு, போர்டப் பாத்தாரு. வுட்டுட்டாரு."

"அப்பால?"

"இன்னிக்கி கூப்ட்டாரு. மாட்னோம்டான்னு போனேன். ஒரு டீ வாங்கி ஒரு வாய் குட்ச்சிட்டு, 'நாளைக்கு பெடல மாட்டிகினு வாடா, நீ உருட்டிகினு வர்றதுக்குள்ள டீ ஆறிப்பூடுது'ன்றாரு."