முதல் துளி அண்ணனுடையது

அன்பரசி: சட்டைக் கைய எறக்கி வுடுங்க தம்பி. ஊசி அப்புறம். மொதல்ல கேள்வி.

பூவரசன்: கேள்வியா? எனக்கா? மேடம், வாசல்ல பிளெக்ஸப் பாத்தீங்களா?

அன்பரசி: பாக்காம எங்க உள்ள வர்றது? மண்டபத்து வாசலையே மறைச்சுக்கிட்டு நிக்குது.

பூவரசன்: அதுல என்னா எழுதியிருக்குது?

அன்பரசி: 'முதல் துளி எங்கள் அண்ணனுடையது.'

பூவரசன்: அந்த அண்ணன் நான்தாங்க. பூவரசன்.

அன்பரசி: அப்படியா... படத்துல இருக்கறது உங்க தம்பியோன்னு நெனச்சேன். மூஞ்சி தோசைக்கல்லாட்டம் வழவழன்னு இருக்குது.

ஆனந்த்: லேசா பில்டர் போட்டேங்க மேடம். நான்தான் போட்டேன்.

பூவரசன்: டேய் ஆனந்து, நீ கேமராவப் புடி, பேசாத. மொதல்ல அந்த மாஸ்க்கக் கழட்டு. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சிய மூடிக்கிட்டு...

ஆனந்த்: தூசிண்ணா. தொண்டை கட்டிக்குது.

பூவரசன்: லைவ் போவுதா?

ஆனந்த்: இல்லண்ணா. நீங்க கட்டில்ல படுத்ததும் லைவ். இப்ப சும்மா ரெக்கார்டுதான்.

அன்பரசி: நான் ரத்த வங்கியில இருந்து வந்திருக்கேன். மொரப்பூர்ல யாரு அண்ணன், யாரு தம்பின்னு எனக்குத் தெரியாது. படுக்கறதுக்கு முன்னால எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வயசு?

பூவரசன்: இன்னையோட இருவத்தி ஏழு. என் பொறந்த நாளுக்குத்தான் இந்த ரத்ததான முகாமே.

அன்பரசி: நல்லா இருங்க. சிறப்பு விருந்தினர் யாரு?

பூவரசன்: நான்தாங்க.

அன்பரசி: தலைமை?

ஆனந்த்: அதுவும் அண்ணன்தாங்க.

அன்பரசி: 'கேழ்வரகுச் செம்மல்'னு போட்டிருக்குதே, அந்தப் பட்டம் குடுத்தது யாரு?

பூவரசன்: எங்க மன்றம்.

அன்பரசி: மன்றத்துக்குத் தலைவர்...

ஆனந்த்: மேடம், அடுத்த கேள்விக்குப் போயிருங்க.

அன்பரசி: சரி. காலையில சாப்ட்டீங்களா?

பூவரசன்: ஆனந்து, இத நல்லாப் புடி... வணக்கம் சொந்தங்களே! காலையில என்ன உண்டேன்? களி! நம்ம தருமபுரி மண்ணில் விளைந்த கேழ்வரகுக் களி! இந்த மூஞ்சி ஒரு காலத்துல எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கொள்ளு கொட்டிக் காய வெச்ச பாறை மாதிரி இருந்துச்சு. இன்னைக்கிப் பாருங்க! உள்ளுக்குக் களி, வெளிக்கு மாவுப் பூச்சு. ஒரு ஊசி உண்டா? ஒரு மாத்திரை உண்டா? ஒரு டாக்டர் உண்டா? ம்ஹூம்!

அன்பரசி: என் அடுத்த கேள்வியே அதுதான். மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?

பூவரசன்: இப்பத்தானங்க சொன்னேன்.

அன்பரசி: அது சொந்தங்களுக்கு. எனக்குத் தனியாச் சொல்லுங்க.

பூவரசன்: ...இல்ல.

அன்பரசி: ஒதடு ஏன் இப்படி வெடிச்சிருக்குது?

பூவரசன்: வெயிலுங்க. மொரப்பூர் வெயிலு.

அன்பரசி: நாலு நாளா மழை.

பூவரசன்: காத்துங்க. மழைக் காத்து.

அன்பரசி: மூக்கு ஓரத்துல ரத்தம் காஞ்சிருக்குது. சட்டைப் பையில என்னா, வாசலின் டப்பாவா?

பூவரசன்: அது வந்து...

ஆனந்த்: மேடையில பேசிப் பேசி அண்ணனுக்கு ஒதடு காஞ்சுருதுங்க மேடம்.

அன்பரசி: ஆனந்து தம்பி, கேமராவ அணைச்சுட்டுக் கொஞ்சம் வெளிய நில்லுங்க. இது ரெண்டு பேருக்குள்ள பேசற பேச்சு.

ஆனந்த்: சரிங்க மேடம். அண்ணா, எங்கம்மாவும் ஷைனியும் உங்களப் பாக்கணும்னு வெளிய ஒக்காந்திருக்காங்க.

பூவரசன்: ராயம்மா அக்காவா? எதுக்குடா?

ஆனந்த்: ராகி மாவு அரைச்சுக் கொண்டாந்திருக்குது. நீங்க தொட்டுப் பாத்துப் பதம் சரியான்னு சொல்லணுமாம். தங்கச்சிக்கு மூஞ்சி ரொம்ப மோசமாப் போச்சுண்ணா. காலேஜுக்கே போறதில்ல. உங்க வீடியோவப் பாத்துட்டுத்தான் அம்மா தெனமும் பூசி வுடுது.

பூவரசன்: ...அப்புறம் பாக்கறேன்னு சொல்லு. போ.

அன்பரசி: கதவு சாத்தியாச்சு. இப்ப சொல்லுங்க. எத்தினி மாசமாச் சாப்பிடறீங்க?

பூவரசன்: எத மேடம்?

அன்பரசி: ஐசோட்ரெடினாயின். கடுமையான பருவுக்குத் தோல் டாக்டர் எழுதிக் குடுக்கற மாத்திரை.

பூவரசன்: மெதுவா மேடம், மெதுவா! தகரக் கதவு அது.

அன்பரசி: இந்த மாதிரி ஒதட்ட இன்னைக்கி ரெண்டாவது தடவ பாக்கறேன். அதான் கேக்கறேன்.

பூவரசன்: ரெண்டாவதா? இன்னொருத்தன் யாரு?

அன்பரசி: அத உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். உங்களுத அவருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

பூவரசன்: ...அஞ்சாவது மாசங்க.

அன்பரசி: எங்க பாக்கறீங்க?

பூவரசன்: சேலத்துல. தருமபுரின்னா எவனாச்சும் பாத்துருவான். மாசா மாசம் மொரப்பூர்ல காலை வண்டி ஏறுவேன். ஹெல்மெட்டோட.

அன்பரசி: ரயில்லயா ஹெல்மெட்டு?

பூவரசன்: ஒரு பெரியவரும் கேட்டாரு. வண்டி கவுந்துருமோன்னு பயமா இருக்குதுன்னேன். அவரு எந்திரிச்சு வேற பெட்டிக்குப் போயிட்டாரு.

அன்பரசி: சரி சரி... சிரிக்கல, சொல்லுங்க. மாத்திரை கேட்டுச்சா?

பூவரசன்: கேட்டுச்சுக்கா. மொத மாசம் இன்னும் ஜாஸ்தியாக் கெளம்புச்சு. மொதல்ல கெளம்பும், அப்புறம் அடங்கும்னு டாக்டரு சொல்லித்தான் அனுப்புனாரு. ஆனா கண்ணாடி முன்னால நிக்கறப்போ டாக்டரு சொன்னது எங்க ஞாபகத்துக்கு வருது? ஒதடு வெடிச்சுது. கண்ணு காஞ்சுது. முதுகு கெழவனாட்டம் புடிச்சுக்கிச்சு. லிவரு, கொழுப்புன்னு ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்தாங்க. போற போதெல்லாம், 'மனசு சோர்வா இருக்குதா?'ன்னு வேற கேட்டாரு. இத்தினி வருசத்துல என்னை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லக்கா.

அன்பரசி: அப்புறம்?

பூவரசன்: மூணாவது மாசம் ஒரு நாளு காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், தலவாணி உறையில ரத்தக் கறை இல்ல. பள்ளிக்கூடம் போற வயசுல இருந்து நான் தலவாணில கன்னத்த வெச்சதே கெடையாது. வலி. மல்லாந்துதான் படுப்பேன். அன்னைக்கி ஒருக்களிச்சுப் படுத்துப் பாத்தேன். எழவே மனசு வரல. வேலைக்கு நேரமாச்சுன்னு எங்கம்மா வந்து கத்துது, நான் கன்னத்த எடுக்கவே இல்ல.

அன்பரசி: இத்தினி நல்ல சேதிய ஏன் தம்பி மறைக்கறீங்க?

பூவரசன்: ஆம்பளப் பையன் மூஞ்சிக்கு மாத்திரை திங்கறான்னு சிரிப்பாங்கல்ல? மூஞ்சி எப்படித் தெளிஞ்சுதுன்னு ஊரு கேட்டுச்சு. அந்த நேரம் பாத்துக் கையில களி இருந்துச்சு. களின்னுட்டேன்.

அன்பரசி: கையில டீ இருந்திருந்தா?

பூவரசன்: டீச் செம்மல் ஆயிருப்பேன். ஆனந்து வீடியோ எடுத்துப் போட்டான். லட்சம் பேரு பாத்துட்டாங்க. அதுக்கு மேல எறங்க வழியில்ல. ஆனா ஒண்ணுக்கா, நெய் எண்ணெ சேந்த சாப்பாட்டோட மாத்திரையப் போடுன்னாரு டாக்டரு. நானும் களியில நெய்ய ஊத்தித்தான் தின்னேன். அந்த வகையில பாத்தா களிக்கும் இதுல பங்கு இருக்குது.

அன்பரசி: பங்க அப்புறம் பிரிச்சுக்கலாம். இப்ப கேளுங்க. இந்த மாத்திரை சாப்பிடறவங்க ரத்தம் குடுக்கக் கூடாது. நிறுத்தி ஒரு மாசமாச்சும் ஆவணும்.

பூவரசன்: என் ரத்தத்துக்கு என்னாக்கா கொறைச்சலு?

அன்பரசி: உங்களுக்குக் கொறைச்சல் இல்ல. ஏத்திக்கறது மாசமா இருக்கற பொண்ணா இருந்தா? வயித்துல இருக்கற கொழந்தை ஊனமாயிரலாம். நான் அனுப்பற பையில பாதி பிரசவ வார்டுக்குத்தான் போவுது. டாக்டரு சொல்லலியா?

பூவரசன்: சொன்னாரு... மறந்துட்டேன்.

அன்பரசி: எப்ப ஞாபகம் வந்துச்சு?

பூவரசன்: பிளெக்ஸ் அடிச்சதுக்கு அப்புறம்.

அன்பரசி: நல்ல ஞாபகம்!

பூவரசன்: அக்கா, ஒண்ணு பண்ணலாம். எடுக்கற மாதிரி எடுத்துட்டுக் கீழ கொட்டிருங்க. யாருக்குத் தெரியப் போவுது?

அன்பரசி: எடுக்கவே மாட்டேன். கை தவறி ஒரு பை மாறுனா யாரு வூட்டுக் கொழந்தை தம்பி அது? இன்னைக்கி முடியாதுன்னு திருப்பி அனுப்பறேன். காரணம் கேட்டா வாயே தொறக்க மாட்டேன்.

பூவரசன்: ஐயோ, காரணம் சொல்லாம வுட்டா ஊரே உக்காந்து ஒரு காரணம் கட்டும்க்கா. எனக்கு ஒருத்தரும் பொண்ணே குடுக்க மாட்டாங்க. கவுரவமா ஏதாச்சும் சொல்லலாம். ரத்தம் கம்மின்னு...

அன்பரசி: ராகி தின்னா ரத்தம் ஊறும்னு வீடியோ போட்டது யாரு?

பூவரசன்: ...நான்தான். அப்ப பிரஷருன்னு?

அன்பரசி: 'களி தின்றவன் வூட்டு வாசலை பிரஷர் மிதிக்காது.' அதுவும் நீங்கதான். எம் பொண்ணு உங்க சேனலு பாக்கறா.

பூவரசன்: சர்க்கரை?

அன்பரசி: அதுக்கு ரெண்டு வீடியோ.

பூவரசன்: காய்ச்சலு?

அன்பரசி: கூழுல மொளகு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொன்னீங்க.

பூவரசன்: அடக் கடவுளே... எனக்குன்னு ஒரு நோயக் கூட மிச்சம் வெக்கலியேக்கா நான்!

அன்பரசி: எல்லாத்தையும் நீங்களே கொணப்படுத்திட்டீங்க. நான் என்னா பண்ண? ...யாரு, கதவத் தட்டறது?

ஆனந்த்: நான்தாங்க மேடம். அண்ணா, வெளிய எல்லாரும் கேக்கறாங்க, அண்ணன் படுத்தாச்சான்னு. அப்புறம்... ஷைனி அழுவுதுண்ணா.

பூவரசன்: ஏன்டா?

ஆனந்த்: காலையில மாவு காஞ்சதும் அம்மா தேச்சுக் கழுவுச்சு. பரு ஒடஞ்சு தோலோட வந்துருச்சு. இன்னும் கெட்டியாப் பூசணுமா, தண்ணியாப் பூசணுமான்னு அம்மா உங்களக் கேக்கச் சொல்லுது.

பூவரசன்: ...ஆனந்து, அவ தலவாணில எப்படிப் படுக்கறா?

ஆனந்த்: அண்ணா?

பூவரசன்: எப்படிடா படுக்கறா?

ஆனந்த்: மல்லாந்துதான். கன்னம் பட்டா கத்தறா. உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?

பூவரசன்: லைவ் போடு.

ஆனந்த்: நீங்க இன்னும் படுக்கவே இல்லியேண்ணா.

பூவரசன்: போடுடா. பில்டர எடுத்துரு.

ஆனந்த்: எடுத்தா ஒதடு தெரியும்.

பூவரசன்: தெரியட்டும்.

ஆனந்த்: ...போட்டாச்சுண்ணா. பேசுங்க.

பூவரசன்: வணக்கம் சொந்தங்களே! வள்ளல்கள் வாழ்ந்த இந்தத் தகடூர் மண்ணிலே, வீரம் விளைந்த...

அன்பரசி: தம்பி, சுருக்கமா. பின்னால ஆளுங்க வரிசையில நிக்கறாங்க.

பூவரசன்: ...சரிங்க. என் மூஞ்சி களியில தெளியல. தோல் டாக்டரப் பாத்து மாத்திரை சாப்பிடறேன். அதுலதான் தெளிஞ்சுது. அதனாலயே இன்னைக்கி நான் ரத்தம் குடுக்கக் கூடாது. களி நல்லதுதான், பசிச்சா தின்னுங்க. மூஞ்சில பூசி வெச்சிருக்கறவங்க நல்ல தண்ணியில மெதுவாக் கழுவிட்டு டாக்டரப் பாருங்க. என்னைப் பாத்துட்டு நீங்களாக் கடையில போயி மாத்திரை வாங்கிராதீங்க. அப்புறம் இன்னொரு தப்பு ஆயிரும்.

அன்பரசி: பொம்பளப் புள்ளைங்களுக்குக் கண்டிப்பு இன்னும் ஜாஸ்தி. மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது. அதையும் சொல்லிருங்க.

பூவரசன்: அக்கா சொன்னதக் கேட்டீங்கல்ல? அவ்வளவுதாங்க. வணக்கம். ...என்னாடா, ரொம்பத் திட்டறாங்களா?

ஆனந்த்: 'எந்த டாக்டரு?'ன்னு கேக்கறாங்கண்ணா. வந்துக்கிட்டே இருக்குது. 'எனக்கும் இருக்குது'ன்னு ஒரு பொண்ணு. 'எம் பையன் ரூமை வுட்டே வர மாட்டேங்கறான்'னு ஒரு அம்மா...

பூவரசன்: ஒருத்தரு கூடவா திட்டல?

ஆனந்த்: ஒருத்தரு திட்டறாரு. ஏரியூர்ல ராகி மாவு கடை வெச்சிருக்காராம்.

பூவரசன்: சரி, லைவ நிறுத்து. மொத துளிக்கு என்னா பண்றது? பிளெக்ஸ்ல அண்ணன்னுதான போட்டிருக்குது, பேரு இல்லியே. நீயும் ஷைனிக்கு அண்ணன்தான. ஏறிப் படுடா.

ஆனந்த்: நானாண்ணா?

பூவரசன்: ஏன், ஊசின்னா பயமா? அந்த மாஸ்க்கக் கழட்டிட்டுப் படு.

ஆனந்த்: மேடம்...

அன்பரசி: என்னைப் பாக்காதீங்க. நான்தான் யாருது யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேனே.

பூவரசன்: டேய், நில்லு... அக்கா, என்னுத ரெண்டாவதுன்னு சொன்னீங்களே, மொதல்ல பாத்த அந்த ஒதடு...

ஆனந்த்: என்னுதுதாண்ணா. காலையில ரத்தம் குடுக்கப் பேரு எழுதப் போனப்பவே மேடம் கண்டுபுடிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க. மாசா மாசம் நீங்க ஹெல்மெட்டோட மொத பெட்டியில ஏறுறப்போ, துண்டால மூஞ்சியச் சுத்திக்கிட்டுக் கடைசிப் பெட்டியில ஏறுறவன் நான்தான். நீங்க டாக்டரப் பாத்துட்டு எறங்கற வரைக்கும் அங்க மாடிப்படிக்கு அடியில நிப்பேன். எனக்கும் உங்க களியிலதான் தெளிஞ்சுதுன்னு நம்பிக்கிட்டுத்தான் எங்கம்மா ஷைனிக்குப் பூசுது. உங்களக் காட்டிக் குடுக்காம என்னுத மட்டும் எப்படிண்ணா சொல்றது? இன்னைக்காச்சும் சொல்லிருவீங்கன்னுதான் அவங்கள நானே கூட்டியாந்தேன். வாங்க, எங்கம்மாகிட்ட ரெண்டு பேருமாப் போயிச் சொல்லுவோம். அடுத்த தடவ ஷைனியையும் கூட்டிக்கிட்டு ஒரே பெட்டியில போவலாம்... ஆனா அந்த ஹெல்மெட்டு மட்டும் வேண்டாம்ணா, தொலைவுல இருந்து பாத்த எனக்கே வெக்கமா இருந்துச்சு.